கன்சோலில் லேக் இல்லாமல் விளையாட வீட்டு இணையத்தை எப்படித் தயார் செய்வது?

புதிதாக பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் பேக்கேஜ் போடணும்?" என்பதுதான். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இப்போது சாதாரண விஷயம். ஆன்லைன் ஆட்டம் ஓடும்போது கன்சோல் அனுப்புவதும் பெறுவதும் பெரும்பாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸைக்கூடத் தொடுவதில்லை. வேகம் உதவுவது கேமை இறக்கும் நேரத்தில்தான். 50 ஜிபி அப்டேட் ஒன்று 100 எம்பிபிஎஸ் லைனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுக்கும். 300 எம்பிபிஎஸ் என்றால் இருபத்து சொச்சம் நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆட்டத்தின் நடுவே உங்கள் ஆள் நின்ற இடத்திலிருந்து நாலடி தள்ளிக் குதிக்கிறான், சரியாகக் குறிவைத்துச் சுட்டும் எதிரி விழவில்லை என்றால், அதுதான் லேக். காரணம் பிங். கன்சோலிலிருந்து கிளம்பும் பாக்கெட், அதாவது சின்னத் தரவுத் துண்டு, சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. அந்த நேரம் குறைவாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பது முக்கியம். 40 மில்லிவிநாடி நிலையாக நின்றால் கை அதற்குப் பழகிவிடும். 12, 15, 180, 14, 220 என்று துள்ளினால் எவ்வளவு திறமை இருந்தாலும் விளையாட முடியாது. அப்படித் துள்ளுவதற்கான காரணம், நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஆகவே மாதா மாதம் கூடுதலாகக் கட்டும் முன் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். வரிசை முக்கியம். முதல் இரண்டிலேயே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்சோல் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியில் பிங் கட்டளையையோ கைபேசியில் பிங் அளக்கும் இலவசச் செயலி ஒன்றையோ பயன்படுத்துங்கள். இரண்டு நிமிடமாவது ஓட விடுங்கள். சராசரியைப் பார்த்து ஏமாந்துவிடாமல், எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்று கவனியுங்கள்.

முதல் எண், உங்கள் ரவுட்டருக்கான பிங். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 ஆக இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரியும் கடவுச்சொல்லும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது எண், வெளியே ஒரு முகவரிக்கான பிங். 1.1.1.1 அல்லது 8.8.8.8 போதும். மூன்றாவது, கேமுக்குள்ளேயே காட்டும் பிங்.

இனி இப்படிப் படியுங்கள். ரவுட்டருக்கான பிங்கே துள்ளுகிறதா? அப்படியென்றால் கோளாறு வைஃபையில், இணைய நிறுவனத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை. ரவுட்டர் நிலையாக இருந்து வெளிமுகவரி மட்டும் துள்ளுகிறதா? வீட்டில் வேறு யாரோ லைனை நிரப்புகிறார்கள், அல்லது லைனிலேயே கோளாறு. இரண்டும் நிலையாக இருந்து கேம் மட்டும் 90, 100 என்று காட்டுகிறதா? நீங்கள் தூரத்துச் சர்வரில் விளையாடுகிறீர்கள்.

காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு தடவை அளந்து பாருங்கள். வீட்டில் எல்லாரும் திரும்பிவந்து, ஆளுக்கொரு திரையோடு உட்காரும் நேரம்தான் உண்மையான சோதனை.

கன்சோலின் சொந்தச் சோதனையையும் ஓட்டிவிடுங்கள். பிஎஸ் 5-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ், அங்கே டெஸ்ட் இண்டர்நெட் கனெக்‌ஷன். எக்ஸ்பாக்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், நெட்வொர்க் செட்டிங்ஸ். நின்டெண்டோ சுவிட்சில் சிஸ்டம் செட்டிங்ஸ், இண்டர்நெட், டெஸ்ட் கனெக்‌ஷன். நேட் டைப் என்று ஒன்று வரும். வெளியிலிருந்து வரும் தொடர்பை ரவுட்டர் எவ்வளவு தாராளமாக உள்ளே விடுகிறது என்பதை அது காட்டும். அதைக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும். எக்ஸ்பாக்ஸ் பாக்கெட் இழப்பையும் காட்டும். அது 0 ஆக இருக்க வேண்டும்.

தூரத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை எந்த ரவுட்டராலும் மாற்ற முடியாது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் போகிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 300 கிலோமீட்டர் சொச்சம். போய்வர மூன்று மில்லிவிநாடிதான். நடுவில் உள்ள கருவிகள், சுற்றுவழி எல்லாம் சேர்ந்து வீட்டில் 10-ஐ ஒட்டி வந்தால் மிக நல்ல லைன். பினாங்கிலிருந்து இன்னும் சில மில்லிவிநாடி கூடும். டோக்கியோ 5,300 கிலோமீட்டர். ஒளி நேர்கோட்டில் பறந்தாலே போய்வர 53 மில்லிவிநாடி ஆகும், கேபிள் போகும் வழி அதைவிட நீளம். ஆகவே கேமில் சர்வர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் சிங்கப்பூரை, அல்லது தென்கிழக்கு ஆசியா என்று போட்டிருப்பதை வையுங்கள். ஜப்பானிலிருக்கும் நண்பன் தொடங்கும் அறையில் சேர்ந்தால் அங்கே உள்ள பிங்தான் வரும், அன்றைக்கு ரவுட்டரைத் திட்ட வேண்டாம்.

லேன் கேபிள் இழுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியம்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். ரவுட்டரிலிருந்து கன்சோல் வரை ஒரு கேபிள். கேபிளில் ரவுட்டருக்கான பிங் ஒரு மில்லிவிநாடிக்குள் அடங்கி, அப்படியே நிற்கும்.

பிஎஸ் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் எல்லாவற்றிலும் பின்னால் லேன் துளை உண்டு. சுவிட்சில் 2021-இல் வந்த ஓலெட் மாடலின் டாக்கிலும், 2025-இல் வந்த சுவிட்ச் 2-இன் டாக்கிலும் உண்டு. அதற்கு முந்தைய சுவிட்ச் என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். கேட் 6 வாங்கினால் இன்னும் நிம்மதி. கேட் 8 என்று பளபளப்பாகப் பின்னிய கேபிளுக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசாவிலோ பினாங்கில் பிராங்கின் மாலிலோ நீளம் சொன்னால் எடுத்துத் தருவார்கள். "முழுச் செம்புக் கம்பியா?" என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வளைத்து வளைத்துப் போட்டால் உள்ளே முறிந்துவிடும்.

தாமான் வீடுகளில், அதாவது வரிசை வீடுகளில், ஃபைபர் பெட்டி பெரும்பாலும் முன்கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும். பையன்களின் அறை மாடியில் பின்பக்கம். நடுவே கான்கிரீட் தளம், செங்கல் சுவர். இங்கே கேபிளை மாடிப்படியின் ஓரமாகக் கொண்டுபோய், வெள்ளை பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி மறைத்துவிடலாம். கதவிடுக்கில் நுழைய வேண்டிய இடத்தில் மட்டும் தட்டைக் கேபிள் பயன்படுத்துங்கள். வெளிச்சுவர் வழியாக இழுப்பதாக இருந்தால் வெளிப்புறத்துக்கென்றே வரும் கறுப்புறைக் கேபிள் வேண்டும். நம் ஊர் வெயிலில் சாதாரணக் கேபிளின் உறை நாளாவட்டத்தில் வெடித்து உதிர்ந்துவிடும். சில புதிய கொண்டோக்களில் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஒவ்வொரு அறைக்கும் போகும் லேன் கம்பிகள் ஏற்கெனவே காத்திருக்கும். முதலில் அதைத் தேடிப் பாருங்கள்.

கேபிள் போட்டபிறகு வேகச் சோதனை செய்யுங்கள். 300 எம்பிபிஎஸ் லைனில் எத்தனை தடவை சோதித்தாலும் 94, 95-க்கு மேல் போகவில்லை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். உள்ளே எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 1 ஜிபிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100-க்கு இரண்டே போதும். மீதி இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி முறிந்தாலும் இரு முனைகளும் தாங்களாகவே 100-க்கு இறங்கிப் பேசிக்கொள்ளும். எங்கும் பிழை என்று காட்டாது. முனையில் உள்ள அந்தச் சின்னப் பிளாஸ்டிக் நாக்கையும் பாருங்கள். அது உடைந்திருந்தால் கேபிள் உள்ளே இருப்பதுபோலவே தெரியும், ஆனால் மேசை ஆடும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வரும். முனையை வெட்டிப் புதிது போடக் கடையில் இரண்டு நிமிட வேலை.

கேபிள் இழுக்கவே வழியில்லை, வாடகை வீடு, சுவரில் கைவைக்கக் கூடாது என்றால் மின்கம்பி வழியாக இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டரைச் சோதித்துப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு பலன் மாறும். மூன்று ஃபேஸ் மின்சாரம் உள்ள வீட்டில் முன்கூடமும் மாடி அறையும் வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சரியாக வேலை செய்யாது. நீட்சிப் பலகையில் சொருகாமல் சுவர் பிளக்கிலேயே சொருக வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் வாங்குவது நல்லது.

வைஃபையே கதி என்றால்

கன்சோலை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இணையுங்கள். ரவுட்டரில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் குழப்பமில்லை. 2013-இல் வந்த முதல் பிஎஸ் 4 மட்டும் 5 கிகாஹெர்ட்ஸை அறியாது. அதை வைத்திருப்பவர்கள் 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் எது காலியோ அதை எடுக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் மூன்றுமே நிரம்பித்தான் இருக்கும்.

5 கிகாஹெர்ட்ஸில் சேனலைத் தானியங்கியாக விடாமல் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை ஒன்றை நீங்களே வையுங்கள். நடுவில் உள்ள 52 முதல் 144 வரையிலானவை ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்கள். ரேடார் அலை பட்டதாக ரவுட்டர் நினைத்தால் உடனே அந்தச் சேனலைவிட்டு விலகியாக வேண்டும் என்பது விதி. அந்த நொடியில் ஆட்டம் அறுந்துவிடும். சுபாங், பாயான் லெப்பாஸ் போல விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதை முதலில் கவனியுங்கள்.

ரவுட்டரை டிவி அலமாரிக்குள்ளும், மீன் தொட்டிக்குப் பின்னாலும், சாமி மேடைக்குக் கீழே உள்ள பெட்டியிலும் அடைத்து வைக்காதீர்கள். தண்ணீரும் இரும்புக் கம்பிக் கதவும் அலையை நன்றாகத் தின்னும். நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். வீடெங்கும் வைஃபை பரப்ப ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளாக வரும் மெஷ் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு பெட்டிகளையும் கேபிளால் இணைக்க முடிந்த மாடலையே வாங்குங்கள். காற்றிலேயே தாவித்தாவி வரும் மெஷ்ஷில் வேகம் நன்றாக இருந்தாலும் பிங் துள்ளத்தான் செய்யும்.

இரவு ஒன்பது மணிக்கு மட்டும் லேக் வருவது ஏன்?

செந்தூலில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேபிள் போட்டாயிற்று, பகலெல்லாம் 11 மில்லிவிநாடி. இரவானால் மட்டும் அக்கா மகன் கூப்பிடுவான். "மாமா, லைன் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒன்பது மணிக்கு மேல ஆளு குதிக்கிறான்." போய்ப் பார்த்தபோது ரவுட்டருக்கான பிங் அசையவில்லை. வெளிமுகவரிக்கான பிங் 150-ஐத் தாண்டி நின்றது. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று பார்த்தால், அக்காவின் கைபேசி மேலே இருந்தது. கல்யாண வீட்டு வீடியோக்களை எடுத்துவந்து, இரவு சார்ஜில் போட்டதும் கைபேசி அவற்றை மேகக்கணிக்கு ஏற்ற ஆரம்பித்துவிடுகிறது. பேக்கப்பை நிறுத்திய அடுத்த நிமிடம் பிங் 11-க்கு வந்தது.

இதற்கு பஃபர்புளோட் என்று பெயர். அப்லோடு வழி நிரம்பும்போது ரவுட்டர் பாக்கெட்டுகளை எறிந்துவிடாமல் ஒரு நீண்ட வரிசையில் நிறுத்தி வைக்கிறது. உங்கள் கன்சோலின் பாக்கெட் மிகச் சிறியது, ஆனால் வரிசையின் கடைசியில் நின்று அதன் முறை வரும்வரை காத்திருக்கிறது. டோல் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது மோட்டார் சைக்கிள்கள் இடது ஓரத்துச் சின்னப் பாதையில் நிற்காமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ரவுட்டரில் உங்கள் கன்சோலுக்கு அப்படி ஒரு பாதை போட்டுக்கொடுப்பதுதான் தீர்வு.

சோதிப்பது சுலபம். 1.1.1.1-க்கு பிங் ஓட விட்டு, அதே நேரத்தில் கைபேசியிலிருந்து ஒரு பெரிய வீடியோவை ஏற்றுங்கள். பிங் 10, 20 கூடினால் பரவாயில்லை. 100-க்கு மேல் ஏறினால் உங்கள் வீட்டில் இந்தக் கோளாறு இருக்கிறது. டவுன்லோடு செய்யும்போதும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் சிக்கல் பெரும்பாலும் அப்லோடு பக்கம்தான், பல பேக்கேஜ்களில் அது டவுன்லோடைவிடக் குறைவு.

உங்கள் ரவுட்டரில் எஸ்கியூஎம் என்றோ, கேக் என்றோ, எஃப்கியூ கோடெல் என்றோ ஒரு வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏற்றிய ரவுட்டர்களில் இவை உண்டு. வேறு சில தயாரிப்புகளில், எந்தக் கருவிக்கு முதலிடம் என்று அமைக்கும் கியூஓஎஸ் பகுதிக்குள் இருக்கும். அங்கே டவுன்லோடு, அப்லோடு வேகத்தைக் கேட்கும். பேக்கேஜ் தாளில் உள்ளதை எழுதாதீர்கள். நீங்கள் அளந்த வேகத்தில் 90 விழுக்காட்டை எழுதுங்கள். 100-க்கு 50 லைன் என்றால் 90-க்கு 45. கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுப்பதால் வரிசை நிறுவனத்தின் பெட்டியில் சேராமல் உங்கள் ரவுட்டரிலேயே நிற்கும், ரவுட்டர் அதை ஒழுங்குபடுத்தும். இதற்கு ரவுட்டரின் மூளை நிறைய வேலை செய்ய வேண்டும். 1 ஜிபிபிஎஸ் லைனில் மலிவு ரவுட்டர் திணறும். அப்படியானால் அப்லோடுக்கு மட்டும் வரம்பு வையுங்கள், அதுவே பாதிக்கு மேல் சரிசெய்துவிடும்.

நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இந்த வசதி இல்லாமல் போகலாம். கியூஓஎஸ்ஸில் கன்சோலுக்கு முதலிடம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். அதுவும் இல்லையென்றால் வீட்டாரோடு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். புகைப்பட பேக்கப்பைப் பகல் நேரத்துக்கு மாற்றலாம். சிசிடிவி கேமரா மேகக்கணிக்கு அனுப்பும் தரத்தைக் குறைக்கலாம். கன்சோலின் அப்டேட்டுகளை ரெஸ்ட் மோடில், எல்லாரும் தூங்கும் நேரத்துக்கு விடலாம். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் புதிய ரவுட்டர் வாங்காமல் இப்படியே சமாளித்துவிட்டார்கள்.

நேட் டைப்பைச் சரிசெய்தல்

பிங் நன்றாக இருக்கிறது, ஆனால் நண்பர்களின் பார்ட்டியில் சேர முடியவில்லை, ஒருவர் குரல் கேட்கிறது இன்னொருவர் குரல் கேட்கவில்லை, ஆட்டம் கிடைக்க நெடுநேரம் ஆகிறது என்றால் நேட்டைப் பாருங்கள். பிளேஸ்டேஷனில் டைப் 2 வந்தால் போதும். டைப் 1-க்கு ஆசைப்பட வேண்டாம், டைப் 3 வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். எக்ஸ்பாக்ஸில் ஓப்பன் நல்லது, மாடரேட் சமாளிக்கலாம், ஸ்டிரிக்ட் ஆகாது. சுவிட்சில் ஏ, பி நல்லவை. சி, டி வந்தால் சிலரோடு சேர முடியாது.

முதல் வேலை, ரவுட்டர் பக்கத்தில் யூபிஎன்பி என்பதை இயக்குவது. பிறகு ரவுட்டரையும் கன்சோலையும் முழுக்க அணைத்துப் போடுங்கள். ரெஸ்ட் மோடு போதாது. பலருக்கு இத்துடன் சரியாகிவிடும். யூபிஎன்பி வீட்டுக்குள் உள்ள எந்தக் கருவியும் கேட்டால் கதவைத் திறந்துவிடும் வசதி என்பதால், அதை வைத்திருப்பவர்கள் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, அடியில் அச்சிட்டிருக்கும் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

அதில் சரியாகவில்லை என்றால் போர்ட்டுகளை, அதாவது ரவுட்டரில் உள்ள எண்ணிட்ட கதவுகளை, கையால் திறக்கலாம். டிசிபியா யுடிபியா என்று அதன் வகையையும் ரவுட்டர் பக்கம் கேட்கும். முதலில் கன்சோலுக்கு ஒரே முகவரி நிலையாகக் கிடைக்கும்படி ரவுட்டரில் ஒதுக்குங்கள். பிறகு பிளேஸ்டேஷனுக்கு டிசிபி 3478 முதல் 3480 வரை, யுடிபி 3478, 3479. எக்ஸ்பாக்ஸுக்கு டிசிபி, யுடிபி இரண்டிலும் 3074, கூடவே யுடிபி 88, 500, 3544, 4500. ஒரே வீட்டில் இரண்டு எக்ஸ்பாக்ஸ் இருந்தால் இரண்டும் 3074-ஐக் கேட்டுச் சண்டை பிடிக்கும். ஒன்றில் நெட்வொர்க் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ், ஆல்டர்னேட் போர்ட் செலக்‌ஷன் போய் வேறு எண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

எதைச் செய்தும் நேட் மாறவில்லையா? ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபி (WAN IP) என்ற வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 192.168 என்றோ, 10 என்று நின்று அடுத்து புள்ளி வரும்படியோ தொடங்கினால் பெரும்பாலும் உங்களிடம் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கின்றன. நிறுவனம் கொடுத்தது ஒன்று, நீங்கள் கடையில் வாங்கி அதன் பின்னால் மாட்டியது இன்னொன்று. இதுதான் இரட்டை நேட். புதியதை, வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுவது சுலபமான வழி. அப்படிச் செய்தால் எஸ்கியூஎம் அதில் ஓடாது என்பதை நினைவில் வையுங்கள். அது வேண்டும் என்றால் நிறுவனத்தின் ரவுட்டரை எடுத்துவிட்டு உங்களுடையதை நேராக ஃபைபர் பெட்டியில் மாட்ட வேண்டும். டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைனில் இதற்கு இணைப்பு வகை பிபிபிஓஇ, இணையத்துக்கான விலான் எண் 500, டிவிக்கு 600. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இல்லாமல் பழைய ரவுட்டரைக் கழற்றாதீர்கள். அதன் செட்டிங்ஸ் பக்கங்களை முதலில் படம் எடுத்து வையுங்கள். மற்ற நிறுவனங்களுக்கு எண்கள் வேறு, கேட்டுக்கொள்ளுங்கள்.

வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் கதை வேறு. நிறுவனமே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வீட்டில் எதைத் திறந்தாலும் பயன் இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "எனக்குப் பப்ளிக் ஐபி வேண்டும்" என்று கேளுங்கள். கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிம் போட்ட 5ஜி ரவுட்டரில் விளையாடுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் இருந்துகொண்டு போட்டி ஆட்டங்களுக்கு 5ஜியை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து.

அதிகம் பேசப்படும் சில சின்ன விஷயங்கள்

டிஎன்எஸ்ஸை மாற்றினால் பிங் குறையும் என்று பலர் சொல்வார்கள். குறையாது. டிஎன்எஸ்ஸின் வேலை, கேம் சர்வரின் முகவரியைத் தேடித் தருவதோடு சரி, ஆட்டம் தொடங்கியபின் அதற்கு வேலை இல்லை. நிறுவனத்தின் டிஎன்எஸ் தடுமாறி கேமுக்குள் நுழையவே முடியாதபோது மாற்றிப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில், வெளி டிஎன்எஸ்ஸுக்குப் போவதையெல்லாம் தங்கள் சர்வருக்கே திருப்பும்படி இணைய நிறுவனங்களுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் அதை நிறுத்தச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவைக் குறிக்கும் எம்டியு எண்ணைத் தானியங்கியிலேயே விடுங்கள். டிவியில் கேம் மோடு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியபின் திரையில் தாமதமாகத் தெரிவதற்குப் பல நேரம் டிவிதான் காரணம், அதற்கும் இணையத்துக்கும் தொடர்பில்லை.

இடி, மின்னல்

இதை அலட்சியம் செய்யாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாயங்கால இடிமழை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஃபைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்சாரம் வராது. ஆனால் ரவுட்டரின் மின் அடாப்டர் வழியாக வரும். அங்கிருந்து லேன் கேபிளில் ஏறி கன்சோலின் லேன் துளையையும் கெடுக்கும். நீளமாக வெளிச்சுவரில் ஓடும் கேபிளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வானம் இருண்டால் ரவுட்டரின் பிளக்கைக் கழற்றுங்கள், கன்சோலின் பிளக்கையும் லேன் கேபிளையும் சேர்த்தே கழற்றுங்கள். சுவரில் உள்ள மின் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

கோளாறு வெளியே இருந்தால்

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. பெட்டிக்குள் நுழையும் அந்த மெல்லிய வயர் எங்கேயாவது மடங்கியோ, மேசைக்கால் அடியில் நசுங்கியோ கிடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது செம்புக் கம்பி போல இல்லை, கூர்மையாக மடித்தாலே ஒளி கசிந்துவிடும். மெதுவாக விரித்துவிட்டும் விளக்கு மாறவில்லை என்றால் அழைத்துப் புகார் கொடுங்கள்.

சில நாட்களில் சிங்கப்பூர் சர்வர் நன்றாக இருந்து, ஹாங்காங்குக்கோ அமெரிக்காவுக்கோ மட்டும் பிங் திடீரென்று இரட்டிப்பாகும். கடலடிக் கேபிள் ஏதாவது அறுந்து, போக்குவரத்து சுற்றுவழியில் போகும்போது இப்படி ஆகும். ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைக்கும், மெர்சிங்கில் கரையேறும் ஏஏஜி கேபிளுக்கு இப்படிப் பலமுறை நேர்ந்திருக்கிறது. பழுது பார்க்கும் கப்பல் போய்ச் சேரும்வரை சிங்கப்பூரிலேயே விளையாடுங்கள்.

மற்றபடி லைனிலேயே சந்தேகம் என்றால், அழைக்கும் முன் மடிக்கணினியை நேராக ரவுட்டரில் கேபிளால் மாட்டி, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு, ரவுட்டருக்கும் வெளிமுகவரிக்கும் பத்து நிமிடம் பிங் ஓட்டுங்கள். தேதி, நேரத்தோடு திரையைப் படம் எடுங்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. "லேக் அடிக்குது" என்று சொன்னால், ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும். "கேபிளில் ரவுட்டருக்கு 1, வெளியே இரவு பத்து மணிக்கு 140, பாக்கெட் இழப்பு 4 விழுக்காடு, படம் இருக்கிறது" என்று சொன்னால் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புவார்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். பலமுறை அழைத்தும் கவனிக்கவில்லை என்றால் அந்த எண்ணோடும் அதே படங்களோடும் எம்சிஎம்சியிடம் புகார் கொடுக்கலாம்.